கொள்ளுத்தாத்தா காலத்துத் திருமணப் பதிவுகளை எங்கே, எப்படித் தேடுவது?

தாழம்பூ (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தின் வம்சாவளியை எழுதி வருகிறேன். பாட்டி, தாத்தா வரையில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் கிடைத்துவிட்டன. அதற்கு மேல் ஏற முயன்றபோது மூன்று இடங்களில் நின்றுவிட்டேன். மூன்றும் திருமணம் தொடர்பானவை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலாவது, என் தாய்வழி. அவர்கள் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். கொள்ளுத்தாத்தாவின் ஊரும் பங்கும் (அவர் குடும்பம் சேர்ந்திருந்த தேவாலயச் சரகமும்) தெரியும். கொள்ளுப்பாட்டி எந்த ஊரில் பிறந்தார், அவருடைய தகப்பனார் யார் என்பதைச் சொல்ல இன்று வீட்டில் ஒருவரும் இல்லை. அவர்களுடைய மூத்த மகன் பிறந்தது 1911. இரண்டாவது, என் தந்தைவழி. அவர்கள் இந்துக்கள், அந்தப் பக்கத்துக் கொள்ளுப்பாட்டியைப் பற்றியும் இதே நிலைதான். மூன்றாவது, தந்தைவழிக் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் கரும்புத் தோட்ட வேலைக்காக, இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கப்பலேறியவர். அங்கேயே திருமணம் செய்துகொண்டார் என்பது செவிவழிச் செய்தி.

சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் போய்க் கேட்டேன். 'அந்தக் காலத்துத் திருமணத்துக்கெல்லாம் இங்கே பதிவு கிடையாது' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது உண்மைதானா? உண்மையென்றால் வேறு வழி உண்டா?

பழங்கணக்கு

வணக்கம் அம்மா. அந்த அலுவலகத்தில் சொன்னது பாதி சரி. இந்துத் திருமணங்களைப் பதிவு செய்துகொள்ள 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இடம் கொடுத்ததே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாருக்கும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல்தான் வந்தது. ஆகவே 1910ஐ ஒட்டி நடந்த ஓர் இந்துத் திருமணத்துக்கு அரசிடம் சான்றிதழ் இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஆனால் நாம் கேட்கும் கேள்வியைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 'சான்றிதழ் எங்கே இருக்கிறது' என்று கேட்டால் பெரும்பாலும் கதவு மூடித்தான் இருக்கும். 'இந்தத் திருமணத்தை எழுதி வைக்க வேண்டிய தேவை அன்றைக்கு யாருக்கு இருந்தது' என்று கேட்டுப் பாருங்கள். கோயிலுக்கா, ஜமாஅத்துக்கா, தேவாலயத்துக்கா, சொத்து எழுதிக் கொடுத்த தகப்பனுக்கா, கூலியாட்களைக் கணக்கு வைத்திருந்த அரசுக்கா? யாருக்குத் தேவை இருந்ததோ அவர்களிடம்தான் ஏடு இருக்கும். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வெவ்வேறு ஆட்களிடம் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

நான் கத்தோலிக்கப் பதிவேடுகளோடு பல ஆண்டு பழகியவன் என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சபையான திரிதெந்து திருச்சங்கம் 1563இல் பிறப்பித்த ஆணையின்படி, பங்குக் குருவின் முன்னிலையில், சாட்சிகளோடு திருமணம் நடக்க வேண்டும். குரு அதை ஏட்டில் எழுதி வைக்கவும் வேண்டும். எனவே பங்குப் பதிவேடு உங்கள் கொள்ளுத்தாத்தாவின் காலத்தைவிட மிகப் பழைய ஏற்பாடு. உங்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது இன்னொன்று. 1907இல் ரோமாபுரி வெளியிட்டு, 1908ஆம் ஆண்டு ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' ஆணையின்படி, திருமணம் எந்தப் பங்கில் நடந்தாலும், மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குச் செய்தி அனுப்பி, அங்குள்ள ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொள்ளுப்பாட்டியின் ஊர் தெரியாததுதானே உங்கள் சிக்கல்? கொள்ளுத்தாத்தாவின் பங்கு தெரியும் என்கிறீர்கள். மூத்த மகன் 1911இல் பிறந்திருப்பதால் திருமணம் அந்த ஆணைக்குப் பிறகு நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே திருமணப் புத்தகத்தை விட்டுவிட்டு, கொள்ளுத்தாத்தா குழந்தையாக இருந்தபோது எழுதிய ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேளுங்கள். 1880களின் பக்கங்களாக இருக்கலாம். அவர் பெயர் எழுதிய வரியின் ஓரத்தில், வேறு கையெழுத்தில், வேறு மையில், பொடி எழுத்தாக ஒரு குறிப்பு இருக்கக்கூடும். யாரை, எங்கே, எந்த நாளில் மணந்தார் என்பது அதில் இருக்கும். திருமணம் பெரும்பாலும் பெண்ணின் பங்கில் நடப்பதே வழக்கமாக இருந்ததால், அந்த ஓரக்குறிப்பே உங்களைக் கொள்ளுப்பாட்டியின் ஊருக்குக் கொண்டு போய்விடலாம்.

புத்தகத்தைத் திறக்கும் முன் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெயர். பதிவுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். வீட்டில் இராயப்பன் என்று அழைத்தவர் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் அங்கே பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ். தமிழ்ப் பெயரைத் தேடிக்கொண்டே போனால் சரியான வரியைக் கடந்து போய்விடுவீர்கள். இரண்டு, நிர்வாக எல்லை. தஞ்சைப் பகுதியில் போர்த்துக்கீசிய 'பத்ரவாதோ' (போர்த்துக்கல் அரசரின் புரவலுரிமை) முறையின் கீழ் மயிலாப்பூரைச் சேர்ந்த பங்குகளும், ரோமின் நேரடி மறைப்பணிக்கு உட்பட்ட பங்குகளும் நீண்ட காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கும்பகோணம் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952இல்தான் மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது. ஒரே ஊரில் இரண்டு கோயில்கள் இருந்தால் இரண்டையும் பாருங்கள். இன்றைய ஆயர் இல்லத்தில் இல்லாத பழைய ஏடு, பிரிவதற்கு முன்பிருந்த தாய் மறைமாவட்டத்தில் இருக்கலாம்.

வரப்போரம்

பத்திர எழுத்தராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்கள் திருமணப் பதிவைக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியது அதுவல்ல. நிலம் வைத்திருந்த குடும்பமென்றால், மகளுக்கு மஞ்சள்காணி (திருமணத்தின்போது கொடுக்கும் நிலம்) எழுதிக் கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். தானம், செட்டில்மென்ட், கிரயம், பாகப்பிரிவினை என்று அசையாச் சொத்து தொடர்பான எல்லாப் பத்திரங்களும் 'புத்தகம் 1' என்ற வரிசையில் நகல் எழுதப்பட்டிருக்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அந்தப் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். ஆட்களின் பெயர்வரிசையில் ஓர் அட்டவணை, சொத்தின் ஊர்வரிசையில் இன்னோர் அட்டவணை என இரண்டு இருக்கும். கணினியில் வரும் வில்லங்கச் சான்று உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தை எட்டாது. கையால் எழுதிய அட்டவணைகளில்தான் தேடியாக வேண்டும். 'தேடுதல் மனு' என்று தெளிவாக எழுதிக் கொடுத்து, ஊரையும் ஆண்டு வரம்பையும் குறிப்பிடுங்கள். ஆண்டைக் குறுக்கிக் கொடுத்தால் அலுவலருக்கும் எளிது, உங்களுக்கும் செலவு குறையும்.

பத்திரம் கைக்கு வந்ததும், சொத்து விவரத்துக்குப் போகும் முன் ஆட்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பெண்ணின் பெயருக்கு முன் 'இன்னார் குமாரத்தி' என்று இருந்தால் ஒரு செய்தி. 'இன்னார் பாரியாள்' என்றோ 'இன்னார் சம்சாரம்' என்றோ இருந்தால் வேறு செய்தி. அதே பெண் 1903இல் ஒரு பத்திரத்தில் குமாரத்தியாகவும் 1909இல் இன்னொன்றில் பாரியாளாகவும் வந்தால், திருமணம் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் நடந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தகப்பன் பெயர், புருஷன் பெயர், இருவருடைய ஊர், தாலுகா எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். 'உன்னுடைய கலியாணத்தின்போது உனக்குக் கொடுப்பதாக வாக்களித்திருந்தபடி' என்ற போக்கில் தொடங்கும் செட்டில்மென்ட் பத்திரங்களை நானே படித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் அதுவே உங்களுக்குத் திருமணப் பதிவு.

பழைய தாள்களில் தேதி தமிழ் வருஷப் பெயரில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். அறுபது வருஷச் சுழற்சியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். 'ஜய வருஷம்' என்றால் 1834 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1894, 1954 ஆகிய ஆண்டுகளில் தொடங்கியவையாகவும் இருக்கலாம். ஆட்களின் வயதை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்த பிறகு, தை, மாசி, பங்குனி மாதங்களானால் ஆங்கில ஆண்டு அடுத்ததற்கு மாறிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிழமையும் நட்சத்திரமும் குறித்திருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு நாளையே உறுதி செய்துவிடலாம்.

சிறுகுறிப்பு

நான் பின்பற்றும் எளிய வழி ஒன்று உண்டு. முதல் குழந்தை பிறந்த ஆண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் திருமண ஆண்டு வந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் தேடினால் போதும். தாழம்பூ அவர்களின் தாய்வழிக்கு 1910 என்று வைத்துக்கொள்ளலாமே.

பழங்கணக்கு

சிறுகுறிப்பு அவர்களுக்கு: இந்தக் கணக்கு பிற்காலத்துக்குப் பொருந்தலாம், அந்தக் காலத்துக்கு இதை நம்பித் தேடுவது ஆபத்து என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிறு வயதிலேயே மணம் முடித்து, பெண் பூப்பெய்திய பிறகே கணவன் வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் பல இருந்தன. அங்கே திருமணத்துக்கும் முதல் குழந்தைக்கும் இடையே எட்டு, பத்து ஆண்டுகள் இருப்பது இயல்பு. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வரம்பு விதித்த 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முந்திய மாதங்களில் அவசர அவசரமாகக் குழந்தைத் திருமணங்களை நடத்தி முடித்தார்கள். 1929, 1930 ஆண்டுகளில் மணமான ஒரு பாட்டியின் முதல் குழந்தை 1938இல் பிறந்திருந்தால், உங்கள் கணக்குப்படி தேடுபவர் ஒருநாளும் அந்தப் பதிவைக் காணமாட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் 1917 வரையில் பெண்ணின் குறைந்தபட்ச வயது 12தான். அதன் பிறகே 14 ஆயிற்று. போதாக்குறைக்கு, நாம் 'முதல் குழந்தை' என்று சொல்வது பிழைத்த முதல் குழந்தையைத்தான். அதற்கு முன் பிறந்து இறந்த குழந்தைகளை வீட்டில் யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அடக்கப் பதிவேட்டைப் பார்த்தால்தான் அவர்கள் இருந்ததே தெரியவரும். கத்தோலிக்கக் குடும்பமென்றால், மணமகளின் பிறந்த ஆண்டோடு பன்னிரண்டைக் கூட்டி அங்கிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

சிறுகுறிப்பு

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. என் தந்தைவழிப் பாட்டிக்கு இந்தக் கணக்கை வைத்துத்தான் தேடி, 'பதிவு இல்லை' என்று முடித்துவிட்டேன். மறுபடி பார்க்கிறேன்.

வடலி

நான் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவன். வரப்போரம் ஐயா மஞ்சள்காணியைப் பற்றி எழுதியதை வாசித்தபோது, எங்கள் பக்கத்துச் சீதன உறுதியை (உறுதி என்றால் பத்திரம்) சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் விவாகப் பதிவு பழையது. பொது விவாகங்களுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆனால் பதிவு செய்யாவிட்டால் விவாகம் செல்லாது என்ற விதி இல்லாதபடியால், வழமைப்படி தாலி கட்டி, பதியாமலே வாழ்ந்த சோடிகள் அந்த நாளில் ஏராளம். என் பூட்டனுக்கு விவாகப் பதிவு கிடைக்கவில்லை. கிடைத்தது பூட்டிக்கு எழுதிய சீதன உறுதி. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்து எழுதப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு என்பதால், பெண்ணுக்குக் காணி கொடுக்கும்போது நொத்தாரிசை (உறுதி எழுதிச் சான்று செய்பவரை) கொண்டு உறுதி முடிப்பது வழக்கம். நொத்தாரிசு தம்மிடம் ஒரு படி வைத்துக்கொண்டு, மறுபடியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் வீட்டில் இருந்த உறுதி தொலைந்தாலும் அங்கே தேட வழி உண்டு.

அந்த உறுதியில் பூட்டியின் தாய், தகப்பன் பெயர் இருந்தது. மாப்பிள்ளையின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் இருந்தன. காணியின் எல்லைகளைச் சொல்லும் இடத்தில் வடக்கு எல்லைக் காணிக்காரராகப் பூட்டியின் தமக்கையின் பெயரும், அவருடைய புருஷனின் பெயரும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு தமக்கை இருந்ததே அதுவரை எவருக்கும் தெரியாது. எல்லை விவரத்தை ஒருபோதும் தாண்டிப் படிக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே வளவைத்தான் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துக் காணிக்காரர் பலவேளை உடன்பிறப்பாகவே இருப்பார்.

கரும்புத்தோட்டம்

மூன்றாவது கேள்வியைப் படித்ததும் எழுத உட்கார்ந்தேன்; என் முன்னோரும் நேட்டாலுக்குப் போனவர்கள்தாம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதுமுதல் 1911 வரையில் ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். எண்தான் உங்களுக்குக் கிடைத்த திறவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதே ஆளை மூன்று ஏடுகளில் மூன்று விதமாகக் காணலாம். எண் மட்டும் மாறாது. அங்கே இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்றொரு அதிகாரி இருந்தார். ஒப்பந்தக் கூலிகளின் திருமணங்களைப் பதிவு செய்தது அவருடைய அலுவலகம். அந்தப் பதிவில் மணமக்கள் இருவருடைய எண்களையும் தேடுங்கள். மணமகளின் எண்ணைக்கொண்டு மறுபடி கப்பல் பட்டியலுக்குப் போனால் அவர் புறப்பட்ட ஊர் வரை கிடைத்துவிடும்.

கப்பலில் ஏறும்போதே 'கணவன், மனைவி' என்று எழுதியிருந்தால் சற்று நிதானமாகப் படியுங்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் முகவர்கள் பெண்களைத் தேடித் திரட்டினார்கள். துணையின்றி வந்தவர்கள் சென்னை டிப்போவில் (கப்பலேறும் முன் தங்க வைத்த முகாமில்) காத்திருந்த நாட்களிலேயே இணைந்து தம்பதிகளாகப் பெயர் கொடுத்ததும் உண்டு. அவர்களை இழிவாகக் கருத வேண்டியதில்லை. அப்படித் தொடங்கிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள் பலர். ஊரில் நடந்த திருமணத்தின் பதிவைத் தேடி அலைவதில் பயனிருக்காது என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்னொரு செய்தி, பலரும் தவறவிடுவது. 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமயங்களின்படி நடந்த திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்ற நிலையை உண்டாக்கிற்று. இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் மனைவியர் என்ற தகுதியையே இழந்து நின்றார்கள். அந்த ஆண்டு சத்தியாகிரகத்தில் பெண்கள் திரண்டு சிறை சென்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதன் பலனாக வந்த 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம், ஏற்கெனவே ஒருவனும் ஒருத்தியுமாக வாழ்ந்துவந்தவர்கள் தங்கள் திருமணத்தைப் பதிந்துகொள்ள வழி செய்தது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு 1890களில் பதிவு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு, 1914க்குப் பின்னும் பதிந்திருக்கலாம். பதிந்த நாளைத் திருமண நாள் என்று எழுதிவிடவும் கூடாது.

இவற்றில் எதுவும் கிடைக்காவிட்டால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் வைக்கப்பட்டிருக்கும் மரண அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதியிருப்பார்கள். சொன்னவர் மகனா அயலாரா என்று பாருங்கள். அயலார் சொன்னதில் தவறு மிகுதி.

ஒன்பதுகோயில்

சுருக்கமாக ஒன்று. நகரத்தார் குடும்பங்களில் தேடுபவர்கள் அரசு ஏட்டுக்குப் போகும் முன் இசைகுடிமானத்தைக் கேளுங்கள். திருமணத்தின்போது இரு வீட்டாருக்கும் இடையே எழுதப்படும் முறி அது; பழையவை ஓலையில் இருக்கும். அத்துடன், மணமாகித் தனிப் புள்ளியானவர்களின் (தனிக் குடும்பமாக எண்ணப்படுபவர்களின்) கணக்கை அந்தந்தக் கோயில் வழியாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நகரத்தாருக்குரிய ஒன்பது கோயில்களில் எது உங்களுடையது என்று தெரிந்தால் எங்கே போய்க் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

கீழக்கரைக்காற்று

முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர்தான் (திருமணப் பதிவேடுதான்) முதல் இடம். மணமகன், மணமகள், வலி (மணமகளின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் (மணக்கொடை) ஆகியவை அதில் இருக்கும். பழைய தஃப்தர்கள் அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதப்பட்டிருந்தால், படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். பள்ளிவாசல் அலமாரியில் இல்லாத ஏடு, முன்பு காஜியாக இருந்தவரின் வீட்டுப் பரணில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நெடுவரி

பழங்கணக்கு அவர்களிடம் ஒரு கேள்வி. கிறிஸ்தவத் திருமணங்களுக்கு 1872ஆம் ஆண்டின் சட்டம் இருந்ததே, அதன் நகல்கள் அரசிடம் இருக்காதா? இலண்டனில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களிலும் சென்னை மாகாணத்துத் திருமணங்கள் இருப்பதாகப் படித்திருக்கிறேன்.

பழங்கணக்கு

நல்ல கேள்வி. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நகல்களை அரசின் பதிவு அலுவலருக்கு அனுப்ப வேண்டியிருந்தது உண்மை. எனவே தேவாலய ஏடு கரையானுக்கு இரையாகியிருந்தால், சென்னையில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பார்ப்பது தகும். இலண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில், 'என்/2' என்ற வரிசையில் சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கக் குறிப்புகள் 1698 முதல் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியர்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் பற்றியவை. இந்தியக் கிறிஸ்தவர்கள் அங்கங்கே வருவார்களே தவிர, ஒரு தஞ்சைக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அதில் தொடங்க வேண்டாம். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் குடும்பமென்றால் கதை வேறு. பிரெஞ்சு ஆட்சியின் குடிநிலைப் பதிவேடுகளின் ஒரு பகுதியை எய்க்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டதால், அதற்கு முந்திய தலைமுறையை அந்தப் பெயரில் தேடக்கூடாது.

தாழம்பூ

ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுத்தாத்தாவின் பங்குக்குப் போனேன். பங்குத்தந்தை முதலில் தயங்கினார். எதற்காகத் தேடுகிறேன் என்று நான் எழுதி வைத்திருந்த வம்சாவளியைக் காட்டியதும் தாமே அலமாரியைத் திறந்தார். தாள்கள் பழுப்பேறி, ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. விரல் படாமல் ஒரு தபால் அட்டையால் தூக்கித்தான் பக்கங்களைப் புரட்டினோம். 1880 முதல் 1890 வரை இரண்டு முறை பார்த்தும் அவர் பெயரைக் காணவில்லை. பிறகுதான் பழங்கணக்கு ஐயா எழுதிய பெயர்கள் நினைவுக்கு வந்தன. அவர் சொன்னவற்றில் முதல் பெயரே எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர். நான் தமிழ்ப் பெயரையே தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை, 1886ஆம் ஆண்டில், 'பேத்ருஸ்' இருந்தார். தகப்பன், தாய் பெயர்கள் பொருந்தின. இடப்பக்க ஓரத்தில் நீல மையில் மூன்று சிறு வரிகள்: 1909 மே மாதத்து ஒரு நாள், ஓர் ஊரின் பெயர், கொள்ளுப்பாட்டியின் பெயர்.

அந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து இருபது கல் தொலைவில்தான் இருக்கிறது. நூறு ஆண்டுகளாக அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்த வாரமே அங்கே சென்றேன். திருமணப் பதிவேடு இருந்தது. கொள்ளுப்பாட்டியின் தகப்பனார் பெயர் கிடைத்துவிட்டது. ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) மூன்று முறை வாசித்ததாகக் குறித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு நீண்ட இலத்தீன் வரி இருக்கிறது. பங்குத்தந்தை அதை 'இரண்டாம் படி இரத்த உறவுத் தடையிலிருந்து விலக்கு பெற்று' என்று படித்துச் சொன்னார். இதற்கு என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பழங்கணக்கு

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது அம்மா. அந்த ஒரு வரி உங்களுக்கு இன்னொரு தலைமுறையையே கொடுக்கிறது. அன்றைய திருச்சபைக் கணக்கில் பொது மூதாதையிலிருந்து இறங்கிவரும் தலைமுறைகளைத்தான் படிகளாக எண்ணினார்கள். இரண்டாம் படி என்றால் மணமக்களுக்குத் தாத்தாவும் பாட்டியும் பொது. அதாவது அத்தை மகன், மாமன் மகள் உறவு. அத்தகைய திருமணத்துக்கு ஆயரிடம் விலக்குப் பெற்றாக வேண்டும் என்பதால், உறவை ஆராய்ந்து எழுதிய விண்ணப்பமும் இருந்திருக்கும். விலக்கு விண்ணப்பங்கள் பங்கில் இருக்காது. ஆயர் இல்லத்து ஆவண அறையில் கேளுங்கள். சிலவற்றில் உறவுமுறையை மரமாகவே வரைந்து வைத்திருப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: கொள்ளுப்பாட்டியின் தகப்பனார், கொள்ளுத்தாத்தாவின் தாய்க்கு உடன்பிறந்தவரா, அல்லது கொள்ளுப்பாட்டியின் தாய் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனாருக்கு உடன்பிறந்தவரா என்பது இந்த வரியிலிருந்து தெரியாது. இரண்டு பெற்றோரின் திருமணப் பதிவுகளையும் எடுத்து, அவர்களுடைய தகப்பன்மாரின் பெயர்களை ஒப்பிட்டால் விளங்கிவிடும். சாட்சிகளின் பெயர்களையும் இங்கே எழுதுங்கள். தாய்மாமன் சாட்சியாக நின்றிருக்கக்கூடும்.

தாழம்பூ

சாட்சிகள் இருவர். ஒருவர் பெயருக்கு எதிரே கையெழுத்து இருக்கிறது. மற்றவர் பெயருக்கு எதிரே சிலுவைக் குறி மட்டும். சிலுவைக் குறி இட்டவரின் தகப்பன் பெயரும் கொள்ளுத்தாத்தாவின் தாயினுடைய தகப்பன் பெயரும் ஒன்றாக இருக்கின்றன. ஆயர் இல்லத்துக்கு இன்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். வரப்போரம் ஐயா, தந்தைவழிக்கான தேடுதல் மனுவைத் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். ஆண்டு வரம்பை 1895 முதல் 1912 வரை என்று எழுதினால் போதுமா?

வரப்போரம்

1890 முதல் என்று எழுதுங்கள் அம்மா. பெண்ணின் தகப்பனார் பெயர் தெரியாததால், மாப்பிள்ளை வீட்டாரின் பெயரிலும் ஊர் பெயரிலும் இரண்டு அட்டவணைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். நகல் மனுவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.